மதுரையில் வீட்டு பேக்கிங்கும் கையச்சும்: எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும்

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை அன்று எதிர்வீட்டு அக்கா, நான் முந்தின நாள் கொடுத்திருந்த கேக் பெட்டியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “ஏம்மா, முட்டை போட்டுத்தான செய்வ? பெட்டியில பச்சைப் புள்ளி இருக்கே, அத்தை விரதம்னு தெரியும்ல, இதைப் பாத்துட்டு ஒரு துண்டு வெட்டப் போயிட்டாங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். ஓவன் வாங்கிய உற்சாகத்தில், உணவு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) செய்ய வேண்டிய பதிவைச் செய்வதற்கு முன்பே, ஓர் அச்சகத்தில் 500 பெட்டிகளுக்கு 6,500 ரூபாய் கொடுத்து அச்சடித்துவிட்டேன். அவர்கள் காட்டிய மாதிரியில் பச்சைப் புள்ளி இருந்தது, நானும் சரி என்றுவிட்டேன். பதிவு எண்ணும் அதில் இல்லை. அத்தனை பெட்டியையும் தூக்கிப்போட மனசு வராமல், அந்தப் புள்ளியை மறைக்க, லினோ என்ற, உளியால் செதுக்கக்கூடிய தகட்டில் ஓர் அச்சை நானே செதுக்கி, ஒவ்வொரு பெட்டியாகக் கறுப்பு மை ஒற்றி, அதன்மேல் சரியான லேபிளை ஒட்டினேன். அச்சுக்கலை என் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். இப்போது வாரத்தில் 2 நாள் பேக்கிங், 1 நாள் அச்சு. இரண்டுக்கும் ஒரே சாப்பாட்டு மேசை.

இவை இரண்டையும் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் கொடுத்தவை, கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

1. முதல் 3 மாதம் யாருக்கும் விற்காதீர்கள்

வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் செய்யுங்கள். ஒரே கேக்கையும் ஒரே பன்னையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பத்து வகை வேண்டாம். ஒரே பொருளை 15 தடவை செய்தால்தான் உங்கள் ஓவனின் குணம் தெரியும். ஒரு சின்ன நோட்டுப் போட்டு, என்ன எடை, என்ன சூடு, எத்தனை நிமிடம், அன்றைக்கு வெயில் எப்படி என்று எழுதிவையுங்கள். விற்கத் தொடங்கியதும் விலை போட இந்த நோட்டுத்தான் கைகொடுக்கும்.

2. ஓவனுக்கு முன்னால் ப்ளக் பாயின்ட்டைப் பாருங்கள்

யாரும் எனக்குச் சொல்லாதது இது. ஓ.டி.ஜி. எனப்படும், மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன் 1,500 வாட் என்றால் சுமார் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் மிக்ஸி போடும் சாதாரண ப்ளக் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாவது நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, தொட்டுப் பார்த்தால் ப்ளக் கொதிக்கிறது, பாக்ஸின் ஓட்டை பழுப்பாகி இளகியிருந்தது. பக்கத்திலேயே மைதா டப்பாவும் பட்டர் பேப்பரும் இருந்தன. நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 4 சதுர மி.மீ. கம்பி இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பாயின்ட் தனியாகப் போடச் சொல்லுங்கள். எனக்கு 900 ரூபாய் ஆனது, அரை நாள் வேலை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவரிடம் இன்னொரு காகிதத்துக்கும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், அது 7ஆம் படியில் வருகிறது, இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம்.

3. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

30 லிட்டர் ஓ.டி.ஜி. 8,000. டிஜிட்டல் தராசு 400. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் 400. டின் இரண்டு 600. கை பீட்டர் 1,200. ப்ளக் பாயின்ட்டையும் சேர்த்தால் 11,500 ரூபாய். இதற்கு மேல் முதல் 3 மாதத்துக்கு எதுவும் தேவையில்லை. சுழலும் ஸ்டாண்டு, 24 நாசில் செட்டு, சிலிகான் அச்சுகள் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், வாங்காதீர்கள்.

தெர்மாமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் ஓவனில் 180 டிகிரி வைத்தால் உள்ளே 200 காட்டுகிறது. அது தெரியாமல் முதல் ஒரு மாதம் செய்த கேக் எல்லாமே மேலே வெடித்துக் கருத்து, நடுவில் கத்தியை விட்டால் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. ரெசிப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது 160இல் வைக்கிறேன், சரியாக வருகிறது.

புது ஓவனை முதல் தடவை காலியாக 20 நிமிடம் 200 டிகிரியில் ஓடவிடுங்கள், புகையும் எண்ணெய் வாடையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

4. நம் ஊர் வெயிலுக்கு ரெசிப்பியை மாற்றுங்கள்

வெண்ணெய் கேக்குக்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது: மைதா 125 கிராம், சர்க்கரை 125, உப்பில்லாத வெண்ணெய் 125, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா. ஆறு அங்குல வட்ட டின்னுக்குச் சரியாக இருக்கும். வெளியூர் ரெசிப்பியில் “வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்” என்று போட்டிருக்கும். அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரி. சித்திரை, வைகாசியில் என் அடுப்படி 35 டிகிரி. ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் உருகிக் கிண்ணத்தின் அடியில் நெய் மாதிரி நிற்கும், அதில் சர்க்கரையைப் போட்டு எவ்வளவு அடித்தாலும் காற்றுப் பிடிக்காது, கேக் அடை மாதிரி வரும்.

வெண்ணெயைத் துண்டு போட்டு 10 நிமிடம் வெளியே வையுங்கள், போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளவென்று எண்ணெய் ஒட்டக் கூடாது. முட்டையும் அப்படித்தான், பிரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம். சர்க்கரையும் வெண்ணெயும் அடித்தது வெளுத்து, பஞ்சு மாதிரி கரண்டியில் நிற்கும்வரை அடியுங்கள், பீட்டரில் 4 அல்லது 5 நிமிடம் ஆகும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்த மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மைதா போட்டு அடியுங்கள், கூடிவிடும். மைதா முழுவதும் போட்ட பிறகு பீட்டரைத் தொடாதீர்கள், கரண்டியால் மடித்துவிட்டால் போதும். உள்சூடு 180இல் 35 முதல் 40 நிமிடம்.

பன்னுக்கு: மைதா 250, பால் 150 மில்லி, சர்க்கரை 30, வெண்ணெய் 30, உப்பு 4, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். ஆறு பன் வரும். டீக்கடையில் பட்டர் பன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வீட்டில் சுட்ட பன்னைக் குறுக்கே வெட்டி, வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுத்துப் பாருங்கள், அதற்கப்புறம் எவ்வளவு செய்தாலும் பத்தாது. இங்கேயும் வெயில் விஷயம் உண்டு. “வெதுவெதுப்பான பால், ஒரு மணி நேரம் ஊறட்டும்” என்பதை நம் ஊரில் அப்படியே செய்தால் மாவு பொங்கிப் புளித்து, சாராய வாடை அடிக்கும். கோடையில் குளிர்ந்த பாலையே ஊற்றுகிறேன், 40 நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். மார்கழியில் அதே மாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

மின்தடையையும் பாருங்கள். மாதாந்தரப் பராமரிப்புக்கு உங்கள் துணைமின் நிலையத்தில் என்றைக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள் என்று முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள். அன்றைக்கு அச்சு வேலை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம். கேக் வைத்த 20 நிமிடத்துக்குள் கரண்ட் போய்விட்டால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள், உள்சூட்டிலேயே கொஞ்ச நேரம் வேகும். திறந்தால் நடு அமுங்கிவிடும்.

5. அச்சு: வெண்டைக்காயில் தொடங்கி லினோவுக்குப் போங்கள்

பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயை நறுக்கி வாட்டர் கலரில் தோய்த்து நோட்டில் பூப்பூவாக ஒற்றியிருப்போம். அதேதான் இது. மேடான இடத்தில் மை ஒட்டும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒரு மாலை வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, வாழைத்தண்டு வைத்துக் குழந்தைகளோடு உட்கார்ந்து பழைய பேப்பரில் ஒற்றிப் பாருங்கள். எவ்வளவு மை அதிகம், எவ்வளவு குறைவு என்று கைக்குப் பிடிபட்டுவிடும். செலவு எதுவும் இல்லை.

அடுத்து லினோ. ஏ5 அளவு லினோ தகடு 150, செதுக்கும் உளி செட்டு 250, மை உருட்டும் ரோலர் 300, தண்ணீரில் கரையும் அச்சு மை 250. மொத்தம் 950 ரூபாய். மை உருட்ட வழவழப்பான தரை டைல் ஒன்று போதும், வீடு கட்டும் இடத்தில் கேட்டால் சும்மா தருவார்கள். அழுத்துவதற்கு இயந்திரம் வேண்டாம், எவர்சில்வர் குழம்புக் கரண்டியின் முதுகு போதும்.

லினோ கல் மாதிரி இருந்தால் மொட்டைமாடி வெயிலில் 5 நிமிடம் வையுங்கள். இளகிவிடும், உளி சர்ரென்று ஓடும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் வெயில் நமக்குத் துணை. உளி போகும் திசையில் இன்னொரு கை இருக்கவே கூடாது. தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். என் இடது கட்டைவிரலில் இரண்டு தையல் போட்டிருக்கிறது.

தமிழ் எழுத்துச் செதுக்குவதாக இருந்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். அச்சு இடவலமாக விழும். நான் முதலில் “அன்புடன்” என்று நேராக எழுதி, 3 மணி நேரம் செதுக்கி, ஒற்றிப் பார்த்தால் எல்லாம் திரும்பிக் கிடந்தது. டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் நேராக எழுதுங்கள், பேப்பரைக் குப்புறக் கவிழ்த்து லினோவின்மேல் வைத்துக் கரண்டியால் தேயுங்கள், பென்சில் கரி தானாகவே திரும்பி இறங்கிவிடும்.

அடுத்தது சுழியும் புள்ளியும். ண, ன, ழ இவற்றின் சுழிக்குள்ளே இருக்கும் சின்ன வட்டத்தை முதலில், மெல்லிய வி-உளியால் எடுத்துவிடுங்கள். கடைசிக்கு விட்டால் சுற்றியுள்ள கோடு பிய்ந்துவிடும். கோட்டின் தடிமன் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் மோசம், அது நாலு பக்கமும் பள்ளத்துக்கு நடுவே ஒற்றைக்கு நிற்கும் ஒரு தூண். செங்குத்தாகச் செதுக்கினால் பத்தாவது பிரதியில் உடைந்து மையோடு வந்துவிடும். அடி அகன்று மேலே குறுகி, கோலப்பொடியைக் குவித்த மாதிரி, நாலு பக்கமும் சரிவாக விடுங்கள். அப்படிச் செதுக்கிய என் “ன்”னின் புள்ளி 700 பெட்டிக்கு மேல் ஒற்றியும் அசையவில்லை.

ஒற்றும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தண்ணீர் மை இங்கே ரோலரிலேயே 5 நிமிடத்தில் காய்ந்துபோகும். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு தூவல். ரோலரை டைலில் ஓட்டும்போது எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி மெல்லிய சலசலப்புக் கேட்கும், அதுதான் சரியான பதம். சத்தமே இல்லாமல் வழுக்கினால் மை அதிகம், எழுத்தின் சுழி அடைத்துக்கொள்ளும்.

6. பெட்டியிலும் மஞ்சப்பையிலும் அச்சிடுவது

பளபளப்பான வெள்ளை அட்டைப் பெட்டியில் தண்ணீர் மை நிற்காது, ஒரு நாள் கழித்துத் தொட்டாலும் கையில் வரும். பூச்சில்லாத பழுப்பு கிராஃப்ட் பெட்டி வாங்குங்கள், 100 எண்ணிக்கையில் எடுத்தால் ஒன்று 15 ரூபாய்க்குள் கிடைக்கும். மடிப்பதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே ஒற்றிவிடுங்கள். பழுப்பில் மஞ்சளும் வெளிர் நிறங்களும் தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு எடுப்பாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் நிதானமாக 40 பெட்டி ஒற்றலாம்.

முக்கியமான எச்சரிக்கை: மை படிந்த பக்கம் உணவைத் தொடக் கூடாது. இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பேக்கேஜிங் விதியிலேயே இருக்கிறது. பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் அச்சு, உள்ளே உணவுத் தர பட்டர் பேப்பர். செய்தித்தாளில் சுற்றவே கூடாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அதனால் கொடுக்க எப்படியும் ஒரு பை வேண்டும். விளக்குத்தூண் பக்கம் காடாத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, தெருவிலுள்ள தையல்காரரிடம் கொடுத்தால் தையலோடு ஒரு பை எனக்கு 28 ரூபாய் ஆகிறது. துணிக்குக் காகித மை ஆகாது, துணி அச்சு மையைக் கேட்டு வாங்குங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஒரு தடவை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டபின் ஒற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே பூ பாதி போய்விடும். மேசையில் பழைய கம்பளியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் பையை வைத்து, அச்சின் முதுகில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு. 24 மணி நேரம் காயட்டும். அப்புறம் மேலே ஒரு துணி போட்டு 4 நிமிடம் நல்ல சூட்டில் தேயுங்கள், நிறம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். புள்ளிப்புள்ளியாக அச்சிட்டுவிட்டு “சுங்குடி” என்று பெயர் போட்டு விற்காதீர்கள். சுங்குடி என்பது துணியை நகக்கண்ணால் கிள்ளி நூலால் முடிச்சுப்போட்டு எடுக்கும் புள்ளி, மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. முடிச்சுப் போட்டே கண் பார்வையும் விரலும் தேய்ந்த அம்மாக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை நாம் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம், எந்தக் கரண்டியால் லினோவைத் தேய்த்தீர்களோ அது இனிமேல் அடுப்படிக்குப் போகக் கூடாது. கிண்ணம், ஸ்பேட்டுலா, துடைக்கும் துணி எல்லாமே தனி. நான் அச்சுச் சாமான்களின் காம்பில் சிவப்பு டேப் சுற்றி, தனி வாளியில் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். ஒரே நாளில் இரண்டு வேலையும் வேண்டாம்.

7. விற்பதற்கு முன்: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு

வீட்டிலிருந்து செய்தாலும், வாரத்துக்கு இரண்டே கேக் விற்றாலும் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் வரம்பும் விண்ணப்பப் பக்கத்திலேயே காட்டும், பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் குழி இங்கேதான். தேடும்போது மேலே வரும் பல பக்கங்கள் தனியார் ஏஜென்சிகளுடையவை, அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ படம் போட்டு அரசுத் தளம் போலவே வைத்திருப்பார்கள். எனக்கு ஒருவர் 2,500 ரூபாய் சொன்னார். இணைய முகவரியின் முடிவில் “கவ்.இன்” (gov.in) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் பக்கத்துப் பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள், என்ன கூலி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஏற்றியவை: பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஆதார், மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், அதோடு வீட்டுக்காரர் “இந்த வீட்டில் பேக்கிங் செய்ய ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள். ஸ்கேன் தெளிவாகவும் கோப்பு சின்னதாகவும் இருக்க வேண்டும், போனில் கோணலாக எடுத்த படத்தால் ஒரு தடவை திரும்பி வந்தது.

இரண்டாவது குழி முகவரி. என் ஆதாரில் பழைய திருமங்கலம் முகவரி, குடியிருப்பது திருநகர். விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பியது. அதற்கு எஸ்.எம்.எஸ். வந்ததை நான் 9 நாள் கவனிக்கவில்லை. தொழில் நடக்கும் இடத்தின் முகவரியை மின்ரசீதில் உள்ளபடி, கதவு எண் உட்பட, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். விண்ணப்பித்த பிறகு 2 நாளைக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, உணவு வகை. பட்டியலில் 7ஆம் எண்தான் பேக்கரிப் பொருட்கள். சாக்லேட், மிட்டாயும் செய்வதாக இருந்தால் 5ஆம் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் மறுபடியும் ஒரு சுற்று.

நான் படித்த விதிப்படி, விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவைத் தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும். என் முகவரிக் குழப்பத்தால் எனக்கு 24 நாள் ஆனது. என் தோழிக்கு எல்லாம் சரியாக இருந்ததால் 6 நாளில் வந்தது. அதனால் முதல் ஆர்டர் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஆய்வுக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை: குடிதண்ணீர் எங்கிருந்து, குப்பை வாளிக்கு மூடி உண்டா, மைதா டப்பாவில் வண்டு இருக்கிறதா, கை கழுவ இடம் எங்கே, இவற்றைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும்.

14 இலக்கப் பதிவு எண் வரும். சான்றிதழை அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். பில் எழுதினால் அதிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவைப் பற்றியும் கேட்பார்கள். அது கட்டாயமில்லை, பிற்பாடு வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். ஆதார், பான் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், முழுக்க இலவசம். அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, கொடுத்துவிடாதீர்கள்.

8. எண் வந்த பிறகுதான் பெட்டி

பெட்டியில் எதை அச்சாகச் செதுக்குவது, எதை லேபிளாக ஒட்டுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாறாதவை அச்சுக்கு: உங்கள் பெயர், ஒரு பூ, ஒரு கோலம். மாறுகிறவையும் சட்டத்துக்கானவையும் லேபிளுக்கு. 14 இலக்கத்தை லினோவில் செதுக்க முயலாதீர்கள், சீல் செய்யும் கடையில் 250 ரூபாய்க்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து தருவார்கள். அல்லது ஸ்டிக்கர் தாளில் பிரின்ட் எடுங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை, நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் பெயர் முகவரி, புகாருக்குப் போன் எண், அதிகபட்ச விற்பனை விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் எண்ணும், இவை இருக்க வேண்டும். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள் சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பாகத் தனியே எழுத வேண்டும், மைதாவும் கோதுமைதான். நிகர எடை என்பது வெந்து ஆறிய பிறகு உள்ள எடை. மேலே சொன்ன கேக் மாவாக இருக்கும்போது 470 கிராமுக்கு மேல் வரும், ஆறியபின் எனக்கு 430தான் நிற்கிறது.

அப்புறம் அந்தப் புள்ளி. பால், வெண்ணெய், தேன் சேர்ந்தால் சைவம்தான், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். முட்டை சேர்ந்தால் விதிப்படி அசைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நம் வீடுகளில் “முட்டை கேக்தானே” என்று லேசாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தக் குறியை நம்பித்தான் ஒருவர் வாயில் வைக்கிறார். முட்டை சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் செய்கிறீர்கள் என்றால் இரண்டு நிற லேபிள் தாள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். பெட்டி மூடும்முன் லேபிளை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள்.

9. விலை போடுவது

அந்த 430 கிராம் கேக்குக்கு என் கணக்கு: வெண்ணெய் 73, மைதா 7, சர்க்கரை 6, முட்டை 14, வெனிலா முதலியவை 4, பட்டர் பேப்பர் 3, கரண்ட் சுமார் ஒரு யூனிட் 8. ஆக 115. பெட்டி, லேபிள், மைக்கு 18. பையோடு கொடுத்தால் இன்னொரு 30. இதற்குமேல் உங்கள் நேரம் ஒன்றரை மணி. பை இல்லாமல் 280க்குக் கொடுக்கிறேன், பையோடு 320. முதல் 2 மாதம் 180க்கு விற்றேன், தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த 2 மாதமும் என் உழைப்புக்கு மணிக்குச் சுமார் 30 ரூபாய்தான் தேறியது. கூச்சப்படாதீர்கள். பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் 20 ரூபாய் குறைக்கிறேன், பாதிப் பேர் கொண்டுவருகிறார்கள்.

10. எந்த நாளில் ஆர்டர் எடுப்பது, எந்த நாளில் வேண்டாம்

என் வாரம்: செவ்வாய் அச்சு, வியாழன் பன், வெள்ளி கேக், சனிக்கிழமை காலை 10 மணிக்குள் கொடுத்துவிடுவேன். பங்குனி முதல் ஆனி வரை கிரீம் வைத்த கேக் ஆர்டரே எடுப்பதில்லை. வண்டியில் 20 நிமிடம் போனாலே கிரீம் சரிந்துவிடும். வெண்ணெய் கேக்கும் பன்னும் தாங்கும். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் மாசி வீதிகளிலும் வைகைக் கரையிலும் வண்டி நகராது, கோரிப்பாளையம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அந்த வாரம் நான் பை மட்டும் அச்சிடுவேன். புரட்டாசியில் முட்டையில்லாத கேக் கேட்பவர்கள் கூடுவார்கள், ஆவணிக் கடைசியிலேயே தயிர் சேர்த்துச் செய்யும் கேக்கை நாலைந்து தடவை செய்து பழகிவிடுங்கள். கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு ஐப்பசியிலேயே திராட்சையும் முந்திரியும் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் வாங்கி ஊறப்போட்டுவிடலாம், டிசம்பர் பிறந்துவிட்டால் விலை ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மை காய அரை நாள் கூடுதலாக ஆகும் என்பதால், டிசம்பருக்கான பெட்டிகளைப் புரட்டாசியிலேயே ஒற்றி, உலர்ந்ததும் செய்தித்தாளை இடையில் வைக்காமல் வெறும் வெள்ளைத் தாள் வைத்து அடுக்கிவையுங்கள்.